11,000 திர்ஹம் வேலைக்குப் போகலாமா?

கேள்வி – பிப்ரவரி 9, 2025

வயது 29, மெக்கானிக்கல். சென்னையில் ஏ.சி. டிசைன் கம்பெனி ஒன்றில் மாதம் 90,000 ரூபாய். துபாயில் ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து 11,000 திர்ஹத்துக்கு ஆஃபர் வந்திருக்கிறது. கல்யாணமாகி எட்டு மாதம், மனைவியும் வேலை பார்க்கிறார். வெளிநாட்டு வேலையின் நன்மை என்று யாரைக் கேட்டாலும் 'சம்பளத்துக்கு வரி இல்லை' என்பதையே சொல்கிறார்கள். அது தவிர வேறு என்ன இருக்கிறது? இருந்துவிட்டுத் திரும்பிய அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

நான் திரும்பியவன். 2010 மார்ச்சில் துபாய்க்குப் போனேன், 2023 ஜூனில் விசாவை கேன்சல் செய்துவிட்டுத் திருச்சிக்கு வந்தேன். குவான்டிட்டி சர்வேயர். ஏ.சி., பிளம்பிங், எலக்ட்ரிகல் வேலைகளுக்கு அளவும் பில்லும் போடுகிற ஆள்.

தம்பி, அந்த வரிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் 90,000 என்பது ஆண்டுக்கு 10.8 லட்சம். போன வாரம் பட்ஜெட்டில் புதிய முறைப்படி 12 லட்சம் வரை வரி கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். ஏப்ரலிலிருந்து சென்னையிலேயே உங்களுக்கு வரி பூஜ்யம். அதற்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

இன்றைய ரேட் 23.70 என்று வைத்தால் 11,000 திர்ஹம் 2.6 லட்சம் ரூபாய். கேட்க நன்றாக இருக்கும். தனியாளாக ஷேரிங் அறையில் இருந்தால் வாடகை 1,800, சாப்பாடு 1,000, மெட்ரோ மாத பாஸ் 350, போன் 150, மற்றது 700. மொத்தம் 4,000. மிச்சம் 7,000, அதாவது மாதம் 1.65 லட்சம். இது நல்ல காசு, மறுக்கவில்லை.

குடும்பத்தோடு, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையோடு, ஷார்ஜாவில் என்றால் கதை வேறு. வாடகை மாதத்துக்கு 3,500, கரண்ட் தண்ணீர் கேஸ் 600, மளிகை 1,800, பள்ளியும் பள்ளி பஸ்ஸும் 1,300, கார் தவணை பெட்ரோல் சாலிக் (சாலைச் சுங்கம்) 1,800, போனும் இணையமும் 450, மற்றது 800. கூட்டினால் 10,250. மிச்சம் 750. நான் ஊதாரி இல்லை, இது சாதாரணக் குடித்தனம். சம்பளம் 11,000 ஆக இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் மாதக் கடைசியில் ரசம்தான்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். மனைவியும் வேலை பார்க்கிறார் என்கிறீர்கள். அவர் வேலையை விட்டு உங்களோடு வந்தால் அவர் சம்பளத்தையும் கழிக்க வேண்டும். மாப்பிள்ளையின் சம்பளத்தை மட்டும் கரன்சி மாற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

பிப்ரவரி 12

ஆஃபர் லெட்டரில் பேசிக் எவ்வளவு என்று பார்த்தீர்களா? 4,400 என்று பதில் போட்டிருக்கிறீர்கள். மீதி வீட்டு அலவன்ஸ், வண்டி அலவன்ஸ், 'இதர'.

இங்கேதான் கை வைப்பார்கள். நம் போன்ற வெளிநாட்டுக்காரருக்கு அங்கே பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது. வேலையை விட்டுக் கிளம்பும்போது தருகிற கிராஜுவிட்டி ஒன்றுதான். முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள் பேசிக். மொத்தச் சம்பளத்தில் அல்ல, பேசிக்கில். உங்கள் 4,400-க்கு ஒரு வருஷத்துக்கு 3,080 திர்ஹம் வரும். அதே 11,000-க்குள் பேசிக்கை 7,000 ஆக்கியிருந்தால் 4,900. கம்பெனிக்கு மாதச் செலவில் ஒரு திர்ஹம்கூட ஏறாது, அதனால் சேரும் முன் கேட்டால் சில சமயம் தருவார்கள். சேர்ந்த பின் கேட்டால் சிரிப்பார்கள்.

என் கதை: கடைசிச் சம்பளம் 15,000, அதில் பேசிக் 6,000. பதின்மூன்று வருஷத்துக்கு 345 நாள். நாளுக்கு 200 வீதம் 69,000. பேசிக் 9,000 ஆக இருந்திருந்தால் 1,03,500. வித்தியாசம் 34,500 திர்ஹம், நான் வந்த மாத ரேட்டில் ஏழரை லட்சத்துக்கு மேல். கேட்காமல் விட்ட ஒரே ஒரு கேள்விக்கு.

பிப்ரவரி 13

இதைப் படித்த மஸ்கட் அண்ணன் ஒருவர் பிடித்துவிட்டார்: 'பதின்மூன்று வருஷமும் ஒரே கம்பெனியா?'

இல்லை. பில் போட்டே வயிறு வளர்த்தவன் சொந்த பில்லில் தப்பு செய்திருக்கிறேன். முதல் கம்பெனியில் 2010 முதல் 2014 வரை நாலு வருஷம். அங்கே நானாக ராஜினாமா செய்தேன். அப்போதைய சட்டப்படி மூன்று முதல் ஐந்து வருஷத்துக்குள் ராஜினாமா செய்தால் மூன்றில் இரண்டு பங்குதான். பேசிக் 3,500, வந்தது 6,500 சொச்சம். இரண்டாவது கம்பெனியில் ஒன்பது வருஷம், 225 நாள், 45,000. அங்கே பேசிக் 9,000 ஆக இருந்திருந்தால் 67,500. ஆக விட்டது 22,500 திர்ஹம், ஐந்து லட்சம் ரூபாய். ஏழரை அல்ல.

இப்போது 2022 பிப்ரவரியில் வந்த சட்டத்தில் ராஜினாமா செய்தாலும் பங்கு குறைக்கும் கதை இல்லை. ஒரு வருஷம் முடித்திருந்தால் போதும். உங்களுக்கு அது நல்லது.

பிப்ரவரி 17

பணத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்டது 'அது தவிர' என்ன என்று.

விசா கேன்சல் ஆன பிறகும் என்னிடம் மிச்சமிருப்பது எது என்று நாலு நாளாக யோசித்துப் பார்த்தேன். மற்றதெல்லாம் அந்த ஊரோடு போய்விட்டது. அந்த கார், அந்த ரோடு, அந்த இன்ஷூரன்ஸ் கார்டு, பத்து நாட்டு ஆட்களோடு வெள்ளிக்கிழமை பிரியாணி, எல்லாம் போச்சு. என்னோடு விமானம் ஏறி வந்தது ஒரு பழக்கம்.

2012. ஒரு டவர் வேலை. கட்டட உரிமையாளர் தரப்பு கன்சல்டன்ட் சைட்டில் நின்றபடி சீலிங் உயரத்தை மாற்றச் சொன்னார். மூன்று மாடிக்குப் போட்ட ஏ.சி. காற்றுக்குழாயைப் பிரித்து மாற்றினோம். பெஷாவர்க்கார ஃபோர்மேன் தலைமையில் ராத்திரி ஷிஃப்ட். வேலை முடிந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். கணக்கு முடிக்கும்போது அந்தச் செலவை நான் கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: நோட்டீஸ் இல்லை, நிராகரிக்கப்படுகிறது. அங்கே பெரிய ஒப்பந்தங்கள் பல ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தத்தின் அடிப்படையில் எழுதப்பட்டவை. 1999 பதிப்பில் 20.1 என்று ஒரு பிரிவு உண்டு. கூடுதல் பணமோ நாளோ கேட்க வேண்டிய காரணம் தெரிந்த 28 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் உரிமை போய்விடும். கன்சல்டன்ட் எங்கள் கண்ணெதிரில் நின்று சொன்னார் என்பதற்கு நாற்பது சாட்சி இருந்தார்கள். காகிதம் இல்லை.

எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் எகிப்துக்காரர். திட்டவில்லை. மறுநாள் காலை என் மேஜையில் ஒரு புது நோட்டை வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து சைட்டில் யார் என்ன சொன்னாலும் மாலைக்குள் மின்னஞ்சல்: 'இன்று காலை தாங்கள் அறிவுறுத்தியபடி...' மணிலாவிலிருந்து வந்த டாக்குமென்ட் கன்ட்ரோலர் அம்மா ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, தேதி முத்திரை வைத்து, எதிர்த்தரப்பில் கையெழுத்து வாங்கிய பின்தான் வீட்டுக்குப் போவார். நான் வேலை கற்றது அந்த அம்மாவிடம் என்று சொன்னால் என் கல்லூரிக்குக் கோபம் வரும்.

இன்று திருச்சியில் உட்கார்ந்து இரண்டு வளைகுடா ஆபீஸுகளுக்கு க்ளெய்ம் எழுதித் தருகிறேன். வீடு ஓடுவது அதில்தான். சென்னையிலேயே இருந்திருந்தாலும் இதைக் கற்றிருக்கலாம், சட்டம் எதுவும் தடுக்கவில்லை. ஆனால் யாரும் நோட்டு கொண்டுவந்து வைத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. அண்ணன் தம்பியாகப் பேசி முடித்திருப்போம்.

ஊருக்கு வந்து இந்தப் பழக்கத்தை எங்கள் வீட்டு மாடி வேலையில் காட்டினேன். மேஸ்திரிக்குத் தேதி போட்டுக் கடிதம் கொடுத்தேன். அவர் அதை டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 18

'அரபி கற்றுக்கொண்டீர்களா?' இல்லை. பதின்மூன்று வருஷத்தில் கற்றது மலையாளம். இந்தியோ பட்டாணியரான ஒரு டிரைவரிடம் கற்றது. வடக்கே யாரிடமாவது பேசினால் எந்த ஊர் இந்தி இது என்று ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அரபியில் யல்லா, கலாஸ், மாஃபி முஷ்கில். சைட்டுக்கு அது போதும்.

பிப்ரவரி 23

பணத்துக்கே திரும்புகிறேன், ஏனென்றால் 9ஆம் தேதி எழுதியது பாதி உண்மைதான்.

எனக்கு உண்மையில் லாபம் தந்தது சம்பளம் அல்ல, ரூபாயின் சரிவு. திர்ஹத்தை 1997-லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப் போட்டிருக்கிறார்கள். டாலர் ஏறினால் திர்ஹமும் கூடவே ஏறும். நான் போனபோது ஒரு திர்ஹம் 12 ரூபாய் சொச்சம். 2011 தொடக்கத்தில் திருச்சியில் வீட்டுக் கடன் 18 லட்சம் வாங்கினேன், அன்று 12.30. கடன் 1,46,000 திர்ஹம். 2013 ஆகஸ்டில் ரூபாய் விழுந்து 18-ஐத் தாண்டிய வாரம் நினைவிருக்கிறது. துபாய் கராமாவில் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை. அசலை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால் அதே 18 லட்சம் அந்த வாரம் ஒரு லட்சம் திர்ஹம். நான் ஒரு செங்கல்கூட நகர்த்தவில்லை, 46,000 குறைந்துவிட்டது. என் அறையில் இருந்த ஒருவர் அந்த வாரம் பெர்சனல் லோன் எடுத்தே ஊருக்கு அனுப்பினார். அது புத்திசாலித்தனமா என்று கேட்காதீர்கள். அவர் அதை அடைக்க மூன்று வருஷம் ஆனது.

ரூபாயில் கடனும் திர்ஹத்தில் வரும்படியும் இருந்ததுதான் என் அதிர்ஷ்டம். நான் திட்டம் போட்டுச் செய்ததாக உறவினர் கல்யாணங்களில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். திட்டம் எல்லாம் இல்லை.

அதே நாள், சற்று நேரம் கழித்து

எழுதிவிட்டு டீ குடிக்கும்போது இன்னொன்று உறுத்தியது. என்னோடு படித்தவன் ஒருத்தன் சென்னையை விட்டு நகரவில்லை. 2010-ல் அவன் சம்பளம் என்னுடையதில் மூன்றில் ஒரு பங்கு. 2011-ல் பெருங்குடியில் ஃப்ளாட் வாங்கினான். இன்று அவன் ஜெனரல் மேனேஜர், நான் ஃப்ரீலான்ஸ். சரிவில் கிடைத்த லாபத்தை எண்ணும்போது அவன் சம்பளம் ஏறியதை நான் எண்ணுவதே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யார் ஜெயித்தது என்று எனக்கே தெரியவில்லை. அவனிடம் கேட்டால் நான் ஜெயித்தேன் என்பான். மரியாதைக்காகச் சொல்கிறானோ என்னவோ.

மார்ச் 2

'குடும்பத்துக்கு என்ன நன்மை?' என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இதை என் மனைவியிடம் கேட்டு எழுதுகிறேன்.

அவள் சொன்ன முதல் நன்மை: சொல்லாமல் யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள். இரண்டாவதும் அதுவேதான், வேறு வார்த்தைகளில். மூன்றாவது டிரைவிங் லைசென்ஸ். ஷார்ஜாவில் மூன்று முறை தோற்று நாலாம் முறை வாங்கினாள். வகுப்புக்கும் தேர்வுக்கும் கட்டிய காசில் ஊரில் ஒரு பழைய கார் வாங்கியிருக்கலாம். இப்போது திருச்சி தில்லை நகரில் அவள் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதை ஆட்டோக்காரர்கள் நின்று பார்க்கிறார்கள். நான்காவது அவள் பேரில் ஒரு பேங்க் கணக்கு, பிள்ளைகளுக்கு அவள் டியூஷன் எடுத்து அதில் போட்ட பணம்.

நஷ்டம் என்ன என்று கேட்டேன். மகன், என்றாள். அங்கே நம்மவர் பள்ளியிலும் அரபி கட்டாயம். இரண்டாம் மொழியாக இந்தி எடுத்தான். ஐந்தாம் வகுப்பில் ஊருக்கு வந்தபோது பஸ் பலகையில் 'ஸ்ரீரங்கம்' என்பதை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான், பஸ் போய்விட்டது. வீட்டில் தமிழ்தான் பேசினோம். பேசினால் போதும் என்று நினைத்தோம்.

மார்ச் 3

மஸ்கட் அண்ணன் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, 'வயதான அப்பா அம்மாவை விட்டுவிட்டீர்களே' என்கிறார். விடவில்லை அண்ணே, எழுதத் தெரியவில்லை. திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு, நாலு மணி நேரப் பயணம். சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வருவதைவிடச் சீக்கிரம் என்று எல்லோருக்கும் சொல்வேன். லீவு கிடைத்தால்தானே. அங்கே வாட்ஸாப்பில் செய்தி போகும், பேச்சு போகாது, அழைப்பைத் தடுத்திருக்கிறார்கள். மாதம் 50 திர்ஹம் கட்டி போட்டிம் என்கிற ஆப்பில் பேசுவோம். அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் வராது, 'அந்த பாட்டில் போன்ல கூப்பிடுப்பா' என்பார்.

மார்ச் 8

ஒருவர் கேட்டது: 'அங்கே திறமைக்குத்தான் மதிப்பாமே, சாதி மதம் பார்க்க மாட்டார்களாமே?'

உங்கள் சாதி அங்கே யாருக்கும் தெரியாது என்பது உண்மை. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் அதற்காகவே திரும்பி வர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான், அவனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் இடத்தில் பாஸ்போர்ட் உட்கார்ந்திருக்கிறது. அதே வேலை, அதே நாற்காலி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் ஒரு சம்பளம், நம் பாஸ்போர்ட் என்றால் இன்னொன்று. என் இரண்டாவது கம்பெனியில் நான் பில் சொல்லிக்கொடுத்த பையன் என்னைவிட 9,000 அதிகம் வாங்கினான். நல்ல பையன். தெரிந்ததும் அவனே கூச்சப்பட்டு எனக்கு மதியச் சாப்பாடு வாங்கித் தந்தான்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அங்கே விதி. அந்த நேரத்தில் நாங்கள் ஏ.சி. கேபினில் இருப்போம், தொழிலாளிகள் பார்க்கிங்கில் நிழல் தேடிப் படுத்திருப்பார்கள். அவர்களிலும் பாதிப் பேர் நம்மவர்கள். 'வெளிநாட்டு வேலையின் நன்மை' என்று நான் எழுதுவது எல்லாம் கேபின் பக்கத்துக் கதை என்பதை நினைவில் வையுங்கள்.

மார்ச் 9

நேற்று எழுதியதைத் திருப்பிப் படித்தேன். உபதேசம் அதிகம். இருக்கட்டும்.

மார்ச் 15

'வரும்போது தங்கம் கொண்டுவரலாமே' என்று இங்கே பேச்சு திசை மாறியிருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் நகை வரியில்லாமல். கூடவே ஒரு உச்சவரம்பு: ஆணுக்கு 50,000 ரூபாய், பெண்ணுக்கு ஒரு லட்சம். இது 2016 விதி, இந்த 2025 மார்ச்சில் இருப்பது இதுதான். இந்த மாதம் கிராம் 8,000-க்கு மேல். 50,000-க்கு ஆறு கிராம்தான் வரும். இருபது கிராம் என்று நம்பி இரண்டரைப் பவுன் செயினைப் போட்டுக்கொண்டு இறங்கினால் கஸ்டம்ஸில் நிற்க வேண்டும். 2024 ஜூலையில் நம் ஊரில் தங்க இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்துவிட்டார்கள். துபாய் தங்கம் மலிவு என்பதில் பெரும் பகுதி அன்றே போய்விட்டது. என் மாமியார் இன்னும் நம்ப மறுக்கிறார்.

மார்ச் 22

வேலை போனால்? இதை யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

நான் போய் இறங்கியபோது 2009 நவம்பர் அதிர்ச்சி ஆறவில்லை. துபாய் அரசின் துபாய் வேர்ல்ட் நிறுவனம் கடன் தவணைக்கு அவகாசம் கேட்டு, பாதி கிரேன்கள் அசையாமல் நின்றன. புர்ஜ் கலீஃபா திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதைப் பார்த்தபடி எங்கள் ஆபீஸில் வாரம் ஒருவர் மேஜையைக் காலி செய்தார். அப்புறம் 2020. எங்களுக்கு நாலு மாதம் பாதிச் சம்பளம், வீட்டுக்காரரிடம் கொடுத்த பின்தேதியிட்ட செக்குகள் மட்டும் முழுசாக. மே 7-லிருந்து அரசு மீட்பு விமானங்கள் வந்தன, எங்கள் கட்டடத்தில் மூன்று குடும்பங்கள் ஏறின. அவர்கள் சோபா எங்கள் வீட்டுக்கு வந்தது. அதில் உட்காரும்போதெல்லாம் சங்கடமாக இருக்கும்.

2023-லிருந்து வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். பேசிக் 16,000 வரை உள்ளவருக்கு மாதம் 5 திர்ஹம், வேலை போனால் பேசிக்கில் 60 சதவீதம் மூன்று மாதத்துக்கு. தொடர்ந்து ஒரு வருஷம் கட்டியிருக்க வேண்டும். கவனித்தீர்களா, இங்கேயும் பேசிக். உங்கள் 4,400-க்கு 2,640 வரும். பிப்ரவரி 12ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படியுங்கள்.

ஏப்ரல் 6

தம்பி பதில் போட்டிருக்கிறார்: பேசிப் பார்த்ததில் பேசிக்கை 6,000 ஆக்கிவிட்டார்களாம். எனக்கு ஐந்து லட்சம் போனாலும் இவருக்காவது வந்ததே. ஆனால் 'சேர்வது அக்டோபர் 10' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் திக்கென்றது.

நம் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்த ஆண்டுக்கு நீங்கள் இங்கே குடியிருப்பவர்தான். துபாய்ச் சம்பளமும் இந்தியக் கணக்கில் வரும். அக்டோபர் 10 என்றால் 190 நாளைத் தாண்டிவிடும். அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே வாங்குவது 15 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, இங்கே வாங்கியது ஐந்தே முக்கால் லட்சம். கூட்டினால் 20 லட்சத்தைத் தாண்டும். புதிய முறையில் வரி ஏறக்குறைய 2 லட்சம். அங்கே வரி கட்டாததால் கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் கிளம்பினால் இந்த 2 லட்சம் சில ஆயிரமாகச் சுருங்கும்.

என் அறைத்தோழர் ஒருவர் நவம்பரில் வந்தவர். மூன்று வருஷம் கழித்து நோட்டீஸ் வந்தபோதுதான் இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நான் மார்ச்சில் போனேன். முழு ஆண்டும் இங்கேதான் இருந்தேன், ஆனால் அங்கே வாங்கியது ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை. அதுவும் திட்டமில்லை.

முதல் குறிப்பில் வரிக் கதையை முடித்துவிடுவோம் என்று சொன்னேன். பாருங்கள், எங்கே முடிந்தது.

ஏப்ரல் 7

சான்றிதழ் அட்டெஸ்டேஷனை இப்போதே தொடங்குங்கள். மாநில அரசு, அப்புறம் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அவர்கள் தூதரகம், அங்கே போய் அவர்கள் வெளியுறவுத் துறை. கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள்.

ஜூன் 29

பிப்ரவரியில் ஷேரிங் அறை 1,800 என்று எழுதியிருந்தேன். இந்த மாதம் துபாய் மாநகராட்சி, ரிக்கா, சத்வா, பர்ஷா பக்கமெல்லாம் பலகை அடித்துப் பிரித்த அறைகளைப் பிடித்து இடித்துக்கொண்டிருக்கிறது. கராமாவில் இருக்கும் நண்பர் சொல்கிறார், சட்டப்படி சரியான அறைக்கு ஆளாளுக்கு மோதுகிறார்களாம், 2,300 கேட்கிறார்களாம். ஆக மிச்சம் 7,000 அல்ல, 6,500. கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். அறை பார்க்கப் போனால் சுவரைத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று கேட்டால் செங்கல், 'டம்' என்று கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

ஜூன் 30

'நீங்கள் மறுபடி போவீர்களா?' என்று தோஹாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். முப்பது வயது என்றால் போவேன். ஐந்து வருஷம், அதுவும் மனைவியின் வேலையைப் பற்றி முதலில் பேசிவிட்டு. நாற்பத்தெட்டில் போக மாட்டேன். போன வாரம் ஒரு பழைய மேனேஜர் கூப்பிட்டு 22,000 என்றார். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இதையும் எழுதிவிடுவது நியாயம்.

செப்டம்பர் 14

தம்பி 20ஆம் தேதி கிளம்புகிறார். மனைவி சென்னை வேலையில் தொடர்கிறார், ஒரு வருஷம் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இருவரும் பேசியிருக்கிறார்கள். நல்லது.

பெட்டியில் என்ன வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். குக்கர் வேண்டாம், அங்கேயே எல்லா அளவிலும் கிடைக்கும். சாம்பார் பொடி, பருப்புப் பொடி வையுங்கள். ஆனால் கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டத்தில் வரும், அதற்காக ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. அம்மா குருமாப் பொடி அரைத்துத் தந்தால் அதில் கசகசா போட்டாரா என்று கேளுங்கள். ஒரு ஸ்பூன்தான் போட்டேன் என்று சொன்னாலும் அந்த டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.